மாற்றுருவும் மூலமும்

பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு உருமாற்றம் என்பது புதிய செய்தியன்று. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் உப்பிட்டு நம் ஊர்களுக்கு வந்து சேர்கின்றன. நீரில் ஊறி, சுண்ணாம்புத் தொட்டியிற் கிடந்து, மயிர் நீங்கி, பட்டைச் சாற்றிலோ குரோம உப்பிலோ பதம் பெற்று, உலர்ந்து, மெருகேறி, காலணியாகக் கடல் கடந்து செல்கின்றன. பச்சைத்தோல் அழுகும்; பதனிட்ட தோல் நிலைக்கும். ஆகவே மாற்றம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், பதனிட்ட தோலை மீண்டும் பச்சைத்தோலாக்க வல்லார் உலகில் ஒருவரும் இலர். இதனை ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் சிறு பிள்ளையும் அறியும். இதே உண்மை நம் இல்லங்களிலும் கல்லூரியிலும் குவிந்து கிடக்கும் காணொளிக் கோப்புகளுக்கும் பொருந்தும் என்பதைத்தான் கற்றோருள்ளும் பலர் உணர்ந்திலர்.

இணையத்தில் ஓடுவதற்கேற்ப ஒரு காணொளியை ஒரு வடிவத்தினின்று மற்றொரு வடிவத்துக்கு மாற்றுதல் இன்று யாவரும் செய்யும் தொழிலாகிவிட்டது. கடைக்காரர் செய்கின்றார், மாணவர் செய்கின்றனர், நாம் அறியாமலே நம் கைப்பேசியும் செய்கின்றது. இத்தொழில் வேண்டாவென்று கூறுவார் யார்? என் கருத்து இதுவே: மாற்றுக, ஆனால் மாற்றியபின் மூலத்தை எறியற்க. மாற்றுந்தோறும் மூலத்தினின்றே மாற்றுக. இவ்விரண்டையும் நாம் கைக்கொள்ளாவிடின், நம் வட்டாரத்தின் வாழ்வு முழுவதும் கண்ணெதிரே மங்கி மறையும்.

இதனை நான் ஏட்டறிவால் மட்டும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் 1998-ஆம் ஆண்டு ஒரு திருமணம் நடந்தது. படமெடுக்க வந்தவர், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன் இருந்த ஓய்வு நேரத்தில், என் பாட்டனார் வேலைபார்த்த தோல் பதனிடும் சாலைக்குள் சென்று ஏறக்குறையக் கால்மணி நேரம் படமெடுத்தார். பாட்டனார் தொட்டியின் ஓரத்தில் நின்று, தோலை நீளக் கோலாற் கிளறி, ஒரு தோலைத் தூக்கி விரலால் மடித்துப் பதம் பார்த்து, அருகிலிருந்த இளைஞனுக்கு ஏதோ சொல்லுவார். அதுவே அவர் தொழில் செய்யும் கோலத்தில் எங்களுக்கு எஞ்சிய ஒரே படம். அது வீ.எச்.எஸ். கேசட்டில் இருந்தது.

சில ஆண்டுகள் கழித்து, ஊர்க் கடையொன்றிற் கொடுத்து அக்கேசட்டை வீ.சி.டி. தட்டாக மாற்றினோம். தட்டு கைக்கு வந்ததும், 'இனி இது எதற்கு?' என்று கேசட்டைக் குப்பையில் இட்டோம். பின்னர்த் தட்டு கீறல் விழத் தொடங்கவே, உறவினர் ஒருவர் அதனைக் கணினியில் ஏற்றி மீண்டும் சுருக்கினார். அதன்பின் கைப்பேசியிற் பார்ப்பதற்கு வசதியாக மற்றொருவர் அதனை நெடுக்குவாட்டில் வெட்டி, செய்திச் செயலி வழியாக எல்லார்க்கும் அனுப்பினார். இன்று எங்கள் குடும்பத்தில் எஞ்சியிருப்பது அந்த நான்காம் படிதான். அதில் தொட்டி தெரிகின்றது, தோலும் தெரிகின்றது. சட்டகத்தின் இடப்புறத்தில் நின்ற பாட்டனார் வெட்டுண்டு போனார். அவருடைய கை மட்டும் சிலபொழுது உள்ளே வந்து செல்கின்றது. அக்கையின் விரல்களும் சதுரக் கட்டங்களாகச் சிதறிக் காண்கின்றன. அவர் சொன்ன சொல் இரைச்சலில் மூழ்கிவிட்டது. ஒவ்வொருவரும் நன்மை கருதியே மாற்றினர். ஒருவரும் தீங்கு நினைத்திலர். எனினும், நான்கு நன்மைகள் கூடி ஒரு மனிதரை அழித்துவிட்டன.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த இழப்பு அன்று. வேலூரிற் பிறந்த ஆர். நடராஜ முதலியார் புனேயில் ஸ்டூவர்ட் என்னும் ஆங்கிலப் படப்பிடிப்பாளரிடம் தொழில் கற்று, 1917-18-ஆம் ஆண்டுகளில் 'கீசக வதம்' என்னும் மௌனப்படத்தைச் சென்னையில் எடுத்தார். தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட முதற் கதைப்படம் அதுவே. அதனை எடுத்தவர் 1971 வரை உயிரோடிருந்தார். படமோ ஒரு சுருளும் எஞ்சவில்லை. 1931-இல் வெளிவந்த முதற் றமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' என்பதற்கும் அதே கதி. 1933-இல் வெளிவந்த 'மார்த்தாண்ட வர்மா' என்னும் மௌனப்படம் மட்டும், நூலுரிமை வழக்கினால் பறிமுதலாகி ஒரு புத்தகக் கடையில் முடங்கிக் கிடந்தமையால் பிழைத்தது. 1974-இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதனைப் பெற்றது. ஊரெங்கும் ஓடிய படங்கள் அழிந்தன; ஓடாமற் பூட்டிக் கிடந்த படி வாழ்ந்தது. காட்டுவதற்கு ஒரு படியும் காப்பதற்கு ஒரு படியும் வேறு வேறாக இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

வடிவங்கள் சாகும் என்பதையும் நாம் மறத்தலாகாது. வீ.எச்.எஸ். முறை 1976-இல் தோன்றியது. அதனை ஓட்டும் கருவியைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016-ஆம் ஆண்டு ஜூலையோடு அத்தொழிலை நிறுத்தியது. இணையத்தில் ஒருகாலத்தில் எங்கும் பரவியிருந்த ஃபிளாஷ் என்னும் முறைக்கு 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் முடிவு வந்தது. அதன்பின் அம்முறையில் மட்டும் வைக்கப்பட்டிருந்த படங்கள் இணையப் பக்கங்களில் ஊமையாய் நின்றன. 2014-ஆம் ஆண்டு அக்டோபரில் முழுத்தரமாக அறிவிக்கப்பட்ட எச்.டி.எம்.எல்.5 என்னும் இணைய மொழி, துணைக்கருவி ஏதுமின்றி உலாவியே காணொளியை ஓட்டுதற்கு வழி செய்தது. ஆதலால் பழைய வடிவிலுள்ளவற்றைப் புதிய வடிவுக்குக் கொண்டுவருதல் கடமையே ஆகும். கேசட்டும் நாடாவும் நாளுக்குநாள் நலிகின்றன. ஓட்டும் கருவியோ அரிதாகின்றது. இன்று மாற்றாதவன் நாளை மாற்ற நினைத்தாலும் இயலாது. மூலத்தைப் போற்றுகிறேன் என்று சொல்லிக் கேசட்டை அலமாரியிற் பூசனம் பிடிக்க விடுதலும் அதனை எறிதலுக்கு ஒப்பானதே.

இனி, மாற்றும்போது நிகழ்வது யாதென நோக்குவோம். ஒரு காணொளி என்பது நொடிக்கு இருபத்தைந்து படங்களின் வரிசை. இன்று வழங்கும் முழு உயர்தரப் படம் ஒவ்வொன்றிலும் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் உள்ளன; புள்ளி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. இதனைச் சுருக்காமல் வைத்தால் ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறக்குறைய 560 ஜிகாபைட்டு இடம் வேண்டும். இணையத்தில் நாம் காணும் படமோ ஒரு மணிக்கு இரண்டு ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடுகின்றது. எஞ்சிய 558 எங்கே சென்றன? அங்கேதான் இத்தொழிலின் சூட்சுமம் இருக்கின்றது.

தொட்டிக்குப் பின்னேயுள்ள சுவர் அசைவதில்லை. தொழிலாளியின் கை மட்டும் அசைகின்றது. ஆகவே சுவரை ஒருமுறை எழுதி வைத்து, பின்வரும் படங்களில் கை எங்கே நகர்ந்தது என்பதை மட்டும் குறித்தாற் போதும். இது சிக்கனம், இதனாற் பெரிய இழப்பில்லை. ஆனால் சுருக்கும் முறை இதனோடு நிற்பதில்லை. மனிதக் கண் ஒளியின் வேறுபாட்டை நுட்பமாக உணரும். நிறத்தின் வேறுபாட்டை அவ்வளவு நுட்பமாக உணராது. இதனைக் கருதி, நிறத்தின் விவரத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகின்றனர். மெல்லிய கீறல்கள், நூலிழை, தோலின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய மயிர்க்கால் வரிசை ஆகியன, 'காண்போர் கவனியார்' என்ற கணக்கில் தேய்க்கப்படுகின்றன. ஒருமுறை தேய்த்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை. தேய்த்ததை எடுத்து மீண்டும் தேய்த்தாலோ, முதல் தேய்ப்பின் பிழைகளையும் உண்மை என்று நம்பி, இரண்டாம் தேய்ப்பு அவற்றையும் காத்து, எஞ்சிய உண்மையிற் சிறிது கழிக்கின்றது. எங்கள் வீ.சி.டி.யில் நேர்ந்ததும் இதுவே. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் படம் ஒன்றுக்கு 576 வரிகள். வீ.சி.டி.யிலோ குறுக்கே 352, நெடுக்கே 288 புள்ளிகளே. வரிகளிற் பாதி அன்றே போயின. பின்னர் எவ்வளவு உயர்ந்த கருவி கொண்டு பெரிதாக்கினும் அவை திரும்பி வாரா. இக்காலத்துச் செயற்கை அறிவுக் கருவிகள் மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருகின்றன என்பர். அவை தருவது தெளிந்த முகம் எனலாம். அம்முகம் என் பாட்டனாருடையது என்று எவ்வாறு சொல்லுவது?

நம் கிறிஸ்தவ மாணவர்க்கு இவ்விஷயம் மற்றொரு வகையால் எளிதில் விளங்கும். சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் அச்சேற்றிய புதிய ஏற்பாடு 1715-இல் முடிவுற்றது. பின்னர் பப்ரிசியஸ் ஐயர் ஒரு மொழிபெயர்ப்புச் செய்தார். 1871-இல் பவர் ஐயர் தலைமையில் ஒரு குழு திருத்திய மொழிபெயர்ப்பை வெளியிட்டது. தமிழ் மாறியது, வாசிப்போர் மாறினர், ஆகவே பெயர்ப்பும் மாறவேண்டியதாயிற்று. ஆயினும் இவர்களுள் ஒருவரும் முன்னவர் தமிழை மட்டும் வைத்துக்கொண்டு அமையவில்லை; முன்னவர் உழைப்பைப் பயன்கொண்டும், கிரேக்க எபிரெய மூலங்களோடு ஒத்துநோக்கியே தம் பணியை நிறைவேற்றினர். மூலம் கையில் இருந்தமையாலேயே ஒவ்வொரு தலைமுறையும் முன்னையதன் குறையைத் திருத்த முடிந்தது. மூலம் தொலைந்திருந்தால், முதற் பெயர்ப்பின் பிழையே வேதமாக நின்றிருக்கும். காணொளிக்கும் இதுவே சட்டம். இன்றைய இணையத்துக்கு ஒரு வடிவம் செய்கின்றோம். பத்தாண்டு கழித்து வேறொன்று வேண்டிவரும். அன்றைக்கு இன்றைய இணையப்படியினின்று மாற்றுவோமாயின் அது பெயர்ப்பின் பெயர்ப்பு. மூலத்தினின்று மாற்றுவோமாயின் அது புதிய பெயர்ப்பு.

ஈண்டு மாணவர் பலர் கொண்டுள்ள ஒரு மயக்கத்தையும் நீக்குதல் நன்று. எம்பி4, எம்.கே.வி., ஏ.வி.ஐ., மூவ் என்பன படத்தின் தன்மையைக் குறிப்பன அல்ல. படத்தையும் ஒலியையும் உள்ளடக்கிய பேழைகளின் பெயர்கள். பேழைக்குள் இருக்கும் படம் எந்தக் குறிமுறையால் சுருக்கப்பட்டது என்பது வேறு கேள்வி. 2003-இல் வெளிவந்த எச்.264 ஒரு குறிமுறை. 2013-இல் வந்த எச்.265 மற்றொன்று, கட்டற்ற முறைகளாகிய வீ.பி.9, 2018-இல் வந்த ஏ.வி.1 என்பன வேறு சில. 2017 முதல் வரும் ஐபோன்கள் பெரும்பாலும் எச்.265 முறையிற் படமெடுத்து மூவ் பேழையில் வைக்கின்றன. அதனை அப்படியே இணையத்தில் ஏற்றினால் ஒருவர் கருவியில் ஓடும். மற்றொருவர் உலாவியில் ஒலி மட்டும் கேட்கும், அல்லது ஒன்றும் வாராது. பெயரின் கடைசி எழுத்துகளை எம்பி4 என்று மாற்றி எழுதிவிட்டால் வடிவம் மாறிவிடும் என்று நினைப்பாரும் உளர். அரிசி மூட்டையின் மேல் கோதுமை என்று எழுதுவதால் அரிசி கோதுமையாகுமோ?

இவ்வேறுபாட்டை அறிந்தவர்க்கு ஒரு பெரிய நன்மை உண்டு. உள்ளிருக்கும் படம் உலாவிக்கு ஏற்ற குறிமுறையிலேயே இருந்து, பேழை மட்டும் பொருந்தாததாயின், படத்தைத் தொடாமலே பேழையை மாற்றிக்கொள்ளலாம். சில நொடிகளில் முடியும். ஒரு புள்ளியும் குறையாது. பிரெஞ்சு நாட்டவரான ஃபாப்ரீஸ் பெல்லார்டு 2000-ஆம் ஆண்டிற் றொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருள் இதனைச் செவ்வனே செய்யும். கட்டளை எழுதப் பழகாதார் ஹேண்ட்பிரேக் என்னும் மற்றோர் இலவச மென்பொருளைக் கொண்டு குறிமுறை மாற்றத்தைச் செய்துகொள்ளலாம். வேண்டாதவிடத்தும் முழுதும் மறுசுருக்கம் செய்வது, சட்டைப் பொத்தான் அறுந்ததற்காகச் சட்டை முழுவதையும் பிரித்துத் தைப்பது போலாகும்.

அவ்வாறாயின் இணையத்துக்கு ஏற்ற வடிவம் எது? புதுமையில் மயங்காது, எல்லார் கருவியிலும் திறக்கும் ஒன்றையே முதலிற் கொள்ளவேண்டும் என்பது என் கருத்து. எம்பி4 பேழையில் எச்.264 படமும் ஏ.ஏ.சி. ஒலியும் அமைந்த கோப்பு, பழைய கைப்பேசியிலும் புதிய கணினியிலும் ஒருங்கே ஓடும். அதனோடு, உரிமைத்தொகை கேட்போர் கையிற் சிக்காத வெப்எம் வடிவிலும் ஒரு படி செய்து வைத்தல் நலம். அவ்வடிவத்தை 2010-இல் கூகுள் நிறுவனம் யாவர்க்கும் திறந்து விட்டது. விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமாகிய விக்கிமீடியா பொதுவகத்தில், எம்பி4 வடிவத்தை ஏற்கலாமா என்று 2014-இல் கருத்துக் கேட்டபோது, பெரும்பாலோர் கட்டற்ற வடிவமே போதுமென்றனர். வசதி கருதி ஒன்று, உரிமை கருதி ஒன்று என இரண்டும் வைத்துக்கொள்வதில் நட்டமில்லை.

இவ்விடத்தில் நம் ஊர்த் தொழிலாளர் நிலையையும் கருதவேண்டும். ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளில் விடியலில் வேன் ஏறிச் சென்று மாலையில் திரும்பும் பெண்கள் எத்துணைப் பேர்! அவர்கள் படம் பார்ப்பது சிறிய கைப்பேசியில். அதுவும் அன்றன்றைக்கு அளந்து கிடைக்கும் இணைய அளவில். பத்து நிமிடப் படத்தை நொடிக்கு நான்கு மெகாபிட்டு வீதத்தில் வைத்தால் 300 மெகாபைட்டு செலவாகும். அதே படத்தை 480 வரி அளவில், நொடிக்கு 800 கிலோபிட்டு வீதத்தில் வைத்தால் 60 மெகாபைட்டிற் முடியும். கையகலத் திரையில் வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. ஆகவே பெரிய படியொன்றும் சிறிய படியொன்றும் இணையத்தில் வைப்பது இரக்கம் மட்டுமன்று, நீதியுமாம். யாருடைய தொழிலைப் படமெடுத்தோமோ அவர்களாற் பார்க்க முடியாத படத்தை யாருக்காகச் செய்தோம்?

மற்றும் சில சிறு கவனங்கள் உள. எம்பி4 கோப்பில், எப்பகுதி எங்கேயுள்ளது என்று காட்டும் அட்டவணை பலபொழுது கோப்பின் இறுதியில் எழுதப்படுகின்றது. அதனால் படம் தொடங்கக் காத்திருக்க நேரும். மாற்றும்போதே அவ்வட்டவணையை முன்னே கொண்டுவருமாறு கட்டளையிட்டால், தொட்டவுடன் படம் ஓடும். பழைய கேசட்டுப் படங்கள் ஒற்றை வரி, இரட்டை வரியென இருகூறாக எழுதப்பட்டவை. அவற்றை ஒழுங்காக இணைக்காவிடின், அசையும் கையின் ஓரம் சீப்புப் பல் போலக் காணும். நான்குக்கு மூன்று என்ற அகலத்திலுள்ள பழைய படத்தை இன்றைய அகலத் திரைக்கு இழுத்து நீட்டுவதும், மேலும் கீழும் வெட்டுவதும் தகாதன; இருபுறமும் கறுப்பு விளிம்பு இருந்தால் இருக்கட்டும். பேச்சை எழுத்தாகவும் ஒரு தனிக் கோப்பில் தட்டிச் சேர்த்தால், காது கேளாதாரும் பயன்பெறுவர், தேடுவோரும் கண்டடைவர்.

'இத்தனை தொல்லை எதற்கு? யூடியூபில் ஏற்றிவிட்டால் அது காக்காதோ?' என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். யூடியூப் காட்டுமிடம், காப்பிடம் அன்று. நாம் ஏற்றும் கோப்பை அது தன் தேவைக்கேற்பப் பல அளவுகளில் மறுசுருக்கம் செய்தே மற்றவர்க்குக் காட்டுகின்றது. பின்னர் நாம் இறக்கிக்கொள்வதும் பெரும்பாலும் அச்சுருங்கிய படியே. கணக்கின் கடவுச்சொல்லை அறிந்தவர் கல்லூரியை விட்டுச் சென்றால் அக்கணக்கும் அவரோடு செல்லும். மண்டபத்தில் மாட்டிய படத்துக்கு நெகட்டிவ் வேறிடத்தில் இருப்பது போல, யூடியூபிலுள்ளதற்கு மூலம் நம்மிடத்தில் இருத்தல் வேண்டும்.

'பொருள் எங்கே?' என்பது மற்றொரு வினா. மினி டீ.வி. என்னும் சிறுநாடாவில் உள்ள படம் மணிக்கு ஏறக்குறைய 13 ஜிகாபைட்டு. நூறு மணி நேரப் படமும் ஒன்றேகால் டெராபைட்டுக்குச் சற்றே மிகும். இன்று கைக்கடக்கமான ஒரு வன்தட்டே இரண்டு டெராபைட்டைத் தாங்கும். ஒரு தட்டு கெடக்கூடும். ஆகவே இரண்டு வாங்கி, ஒன்றை நூலகத்திலும் மற்றொன்றை வேறு கட்டடத்திலும் வைப்போம். ஒரு கல்லூரி நாள் விழாவின் பந்தற் செலவை நோக்க இது பெரிதன்று.

'யார் பார்ப்பர்?' என்பது மூன்றாவது வினா, இதுவே கொடியது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட கைமுறை நம் வட்டாரத்திற் பல இடங்களில் குரோம முறைக்கு இடம் விட்டது. 1970-களில் அரைப்பதன் தோல் ஏற்றுமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியபின், தோலோடு நின்ற ஊர்கள் காலணி தைக்கும் ஊர்களாயின. பாலாற்று நீரின் கேட்டைக் குறித்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழிவுநீரைத் தூய்மைசெய்யாத தொழிற்சாலைகள் மூடப்படவேண்டியவாயின. பழைய தொட்டி, பழைய கை, ஆற்றின் பழைய நிறம், அக்கால மக்களின் மனக்குறை, அவர்கள் பேசிய தமிழும் உருதும் ஆகிய இவை யாவும் அரசாங்க அறிக்கையில் எண்களாக இருக்கும். அசையும் உருவாக அவை இருக்குமிடம் திருமணக் கேசட்டுகளும், ஊர்த் திருவிழா நாடாக்களும், ஆசிரியர் சிலர் எடுத்த படங்களுமே. நன்மையும் தீமையும் கலந்த ஒரு தொழிலின் வரலாற்றை நாளை எழுதப்புகுவார்க்கு இவையே சாட்சி. சாட்சியை மங்கச்செய்வதும் அதனைக் கலைப்பதும் ஒன்றே.

ஆதலால் நம் கல்லூரியார்க்கும் மாணவர்க்கும் என் விண்ணப்பம் இது. அடுத்த கோடை விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் தத்தம் வீட்டிலுள்ள பழைய கேசட்டையும் நாடாவையும் எண்ணிப் பட்டியல் எழுதிவரட்டும். ஓட்டும் கருவியொன்றைப் பழுதுபார்த்து நூலகத்தில் வைப்போம். மூலத்தை இயன்ற உயர்ந்த தரத்தில் ஒருமுறை கணினியில் ஏற்றி, அக்கோப்பைத் தொடாது வைப்போம். எடுத்தவர், இடம், ஆண்டு, தெரிந்தவர் பெயர் ஆகியவற்றை அதனோடு எழுதிவைப்போம். படத்திலுள்ளாரின் இசைவு பெற்றவற்றை மட்டும், மேற்சொன்ன முறையில் மாற்றி, இணையத்தில் யாவரும் காணச் செய்வோம். கேசட்டையும் எறியாமல் உரியவரிடமே திருப்பிக் கொடுப்போம்.

என் பாட்டனாரின் முகத்தை நான் இனிக் காணப்போவதில்லை. அன்று அவர் அவ்விளைஞனுக்குச் சொன்னது யாதென்றும் இனி அறியப்போவதில்லை. அது தோலின் பதத்தைப் பற்றிய நுட்பமாக இருக்கலாம். மதியச் சோற்றைப் பற்றிய பேச்சாகவும் இருக்கலாம். எதுவாயினும் அது எங்களுடையது. எங்கள் கையாலேயே அதனை எறிந்தோம். உங்கள் வீட்டு அலமாரியில் அத்தகைய கேசட்டு ஒன்று இன்னும் இருக்குமாயின், நண்பர்களே, நீங்கள் எங்களினும் பேறுடையீர். அதனை மாற்றுங்கள், மாற்றியபின்னும் காத்துக்கொள்ளுங்கள்.